அடி யார் கணக்கில்?

மச்சினன் போன் பண்ணினால் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். பணம் வேண்டும். அல்லது அவன் அக்காவிடம் எதிலோ மாட்டிக்கொண்டு என்னைச் சமாதானத்துக்கு அனுப்பப் பார்க்கிறான். அல்லது புதிதாக எதையோ வாங்கியிருக்கிறான். 2025 செப்டம்பரில் வந்த அந்த போன் மூன்றாவது ரகம்.

"மாமா, சனிக்கிழமை காலையில திருப்பூர் வந்துருங்க. தாருக்குப் பம்பர் வந்திருக்கு. முழு இரும்பு! மாட்டறப்ப நீங்க கூட இருக்கணும்."

"நான் எதுக்கு மாப்ள? நான் பி.காம். எனக்குத் தெரிஞ்ச ஒரே பம்பர் கேரளா லாட்டரி பம்பர்தான்."

"பத்திரிகையில எல்லாம் எழுதறீங்கள்ல... நீங்க பக்கத்துல நின்னா பட்டறைக்காரர் கொஞ்சம் பயந்து கூலி கேப்பாரு."

இந்த நாட்டில் எழுத்தாளனைப் பார்த்துப் பயப்பட ஒருவராவது இருக்கிறார் என்ற சந்தோஷத்திலேயே ஈரோட்டில் ரயில் ஏறிவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான். நடுவில் ஊத்துக்குளி வரும். அந்தப் பெயரைக் கேட்டாலே வெண்ணெய் ஞாபகம் வந்து, டாக்டர் சொன்ன கொலஸ்ட்ரால் மறந்துபோகும். அதைத் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறுகிறது. தென்னை குறைந்து, தகரக் கூரை அதிகமாகி, சுவருக்குச் சுவர் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் உடனடித் தேவை' என்று எழுதியிருந்தால் திருப்பூர் வந்துவிட்டது என்று அர்த்தம். போர்டு பார்க்க வேண்டியதில்லை. இப்போது அதே விளம்பரத்தை இந்தியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே குமரன் நினைவகம். 1932 ஜனவரியில், போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தும் கையில் இருந்த கொடியைக் கீழே விடாதவர். அடியைத் தன் தலையிலேயே வாங்கிக்கொண்டவர். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். ஆட்டோக்களுக்கு நடுவே சிவப்புத் தார் ஒன்று யானைக்கன்று மாதிரி நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் மச்சினன், கறுப்புக் கண்ணாடியுடன்.

மச்சினன் பற்றிச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனி முதலாளி. 'முதலாளி' என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்துவிட வேண்டாம். வாடகைக் கட்டடம், பன்னிரண்டு மெஷின், ஜாப் ஒர்க். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று கட் பண்ணிய துணியைக் கொடுக்கும். இவன் தைத்துக் கொடுப்பான். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் டெய்லர் சம்பளம், கரண்ட் பில், வாடகை, தாரின் மாதத் தவணை எல்லாம்.

"எதுக்கு மாப்ள இரும்பு பம்பர்? கம்பெனி கொடுத்ததுக்கு என்ன குறை?"

"அது பிளாஸ்டிக் மாமா!" என்றான், பெண் பார்க்கப் போன இடத்தில் டீக்குப் பதில் தண்ணீர் கொடுத்தது போன்ற முகத்துடன். "இவ்வளவு பெரிய வண்டிக்கு மூஞ்சியில பிளாஸ்டிக். இரும்பு போட்டா அந்தக் கெத்தே தனி. ஆஃப் ரோடு போலாம்."

ஆஃப் ரோடு! திருப்பூரில் அதற்கு மலை ஏற வேண்டியதில்லை. குழாய் பதிக்கத் தோண்டி, மூட மறந்த எந்தத் தெருவும் போதும்.

பார்சல் ஆபீஸில் பம்பர் எங்களுக்காகக் காத்திருந்தது. தராசில் ஐம்பத்திரண்டு கிலோ. கறுப்புப் பெயின்ட், நடுவில் வின்ச் வைக்க ஒரு மேடை, மேலே வளைந்த குழாய், இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுக்கக் கொக்கி. தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தாருக்குள் நுழையவில்லை. கடைசியில் ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்து, அதில் ஏற்றி, பின்னாலேயே நாங்கள் போனோம். தார் தன் பம்பருக்குப் பைலட் வண்டி போனதை அன்றைக்குத்தான் திருப்பூர் பார்த்திருக்கும்.

இந்த மாதிரி பம்பர் பிறந்த இடம் ஆஸ்திரேலியா என்று சொல்லலாம். ஆளில்லாத நெடுஞ்சாலையில் ராத்திரி கங்காரு குறுக்கே குதித்தால் ரேடியேட்டர் உடைந்து, உதவிக்கு ஆளில்லாமல் பாலைவனத்தில் நிற்க வேண்டியதுதான். அதனால் 'ரூ பார்' என்று வண்டிக்கு முன்னால் இரும்புக் கம்பி கட்டினார்கள். நியாயமான காரணம். திருப்பூரில் கங்காரு இல்லை. பக்கத்தில் காங்கேயம் காளை இருக்கிறது. ஆனால் அது விலை தெரிந்த மாடு, கயிறில்லாமல் ரோட்டுக்கு வராது. திருப்பூர் ரோட்டில் குறுக்கே வருபவர்கள் மனிதர்கள்தான்.

பல்லடம் ரோட்டிலிருந்து பிரிந்த ஒரு சந்துக்குள் பட்டறை. பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்து அவர் பயப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங் தம்பி. இதுதானுங்களா சாமான்?" என்று பம்பரைத் தட்டிப் பார்த்தார். கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது. "நல்ல கனம். மூணு எம்எம் பிளேட் இருக்கும்."

மச்சினன் என்னைப் பெருமையாகப் பார்த்தான்.

வேலை ஆரம்பித்தது. கிரில்லின் கிளிப்புகளைக் கழற்றினார். பிளாஸ்டிக் பம்பரின் மேல், கீழ் போல்ட்டுகளை எடுத்து, பனி விளக்கின் ஒயரைப் பிடுங்கி, உறையை மெதுவாக இழுத்தார். தேங்காய் மட்டை மாதிரி கழன்று வந்துவிட்டது. உள்ளே வண்டியின் உண்மையான முகம் தெரிந்தது. ரேடியேட்டர், அதற்கு முன்னால் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், அது சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களோடு சேரும் இடங்கள்.

"புது பம்பரை எங்கீங்க மாட்டுவீங்க?" என்று கேட்டேன். (நான் கூட நிற்பதற்கு ஏதாவது அர்த்தம் வேண்டுமே.)

"நேரா சேசிஸ்லதானுங். இந்த முனையில பிராக்கெட்டு வெச்சு, எட்டு புள்ளி எட்டு நம்பர் போட்ட போல்ட்டு, டார்க் ரெஞ்சுல முறுக்கணும். அப்பறம் முன்னாடி அம்பது கிலோ ஏறுதுங்களா, ஸ்பிரிங் கொஞ்சம் குந்தும். ஹெட்லைட் வெளிச்சம் கீழ இறங்கும். அதைத் திருப்பிச் சரி பண்ணணும்."

பிராக்கெட்டை வைத்துப் பார்த்தார். ஓட்டை அரை இஞ்ச் தள்ளியிருந்தது.

"கேஸ் வெச்சு ஓட்டையைப் பெருசு பண்ணிருங்கண்ணா" என்றான் மச்சினன்.

"பண்ணலாம். பண்ணுனா போல்ட்டு ஆடும். லேத்துல புது பிளேட்டு போட்டுக்கலாம். ராத்திரி எட்டரைக்கு வாங்." சொல்லிவிட்டு, எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். "ஏனுங் தம்பி, காசு குடுத்தா நான் மாட்டறனுங். ஆனா ஒண்ணு சொல்லாம மாட்டறதில்ல."

எழுந்து போய், மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கை நீளம் இருந்திருக்க வேண்டிய இரும்புப் பெட்டி. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக நசுங்கி, ஒரு சாண் ஆகியிருந்தது.

"இது வேற ஒரு வண்டியோட மூக்குங். லாரி பின்னால போய் விட்டுட்டாங்க. இது செத்துப்போச்சு. வண்டியில இருந்தவங்க நாலு பேரும் இன்னும் டீ குடிச்சிட்டு இருக்காங்க."

பிறகு அவர் சொன்னதை, டீ ஆறுவதற்குள் நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

வண்டி மோதினால் அதன் வேகம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். புதிய வண்டிகளின் முன்பக்கம் வேண்டுமென்றே நசுங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அது நசுங்கும் நேரத்தில் அடியின் வேகம் குறைகிறது. அதே நேரத்தில், இமை மூடித் திறப்பதற்குள், வண்டிக்குள்ளிருக்கும் ஒரு பெட்டி 'எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது' என்று அளந்து பார்த்து, ஏர்பேக்கை விரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. 2020-ல் வந்த புதிய தார் 'குளோபல் என்கேப்' மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. அந்த மார்க் கம்பெனி கொடுத்த மூக்கோடு வாங்கிய மார்க். நசுங்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நசுங்காத இரும்பை வைத்துச் சேசிஸில் முறுக்கினால், அந்தக் கணக்கு மாறிவிடும். ஏர்பேக் நேரம் தப்பி விரியலாம், விரியாமலும் போகலாம். அடி நேராக உள்ளே வரும்.

"பழைய ஜீப்புல இரும்பு பம்பர்தானேண்ணா? அதுல எல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்றான் மச்சினன், விடாமல்.

வாஸ்தவம்தான். மஹிந்திரா ஆரம்பத்தில் இங்கே ஜோடித்து விற்ற வில்லிஸ் ஜீப்புகளுக்குப் பிறவியிலேயே இரும்பு பம்பர்தான்.

"அந்தக் காலத்துல ஏர்பேக்கு இல்லைங். அந்த ஜீப்பு மோதுனா ஜீப்புக்கு ஒண்ணும் ஆகாதுங்கறது நெசம். உள்ள இருந்தவங்களைக் கேட்டீங்களா?" என்றார் பட்டறைக்காரர். "காட்டுல, மேட்டுல ஏத்தறவங்களுக்கு இது வேணும்ங். வின்ச் கட்டோணும், சேத்துல இருந்து இழுக்கோணும். நீங்க இதைக் கட்டிக்கிட்டு பெருமாநல்லூருக்குத்தானே போகப் போறீங்க?"

சட்டம் எனக்கே தெரியும், ஆகவே என் பங்குக்கு நானும் சேர்த்தேன். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. இந்த மாதிரி கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம். ரோட்டில் நடப்பவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஐரோப்பாவில் 2005-லேயே, ஆள் மேல் மோதினால் என்ன ஆகும் என்ற சோதனையில் தேறிய முன் கார்டுகளை மட்டும்தான் விற்கலாம் என்று விதி போட்டுவிட்டார்கள்.

"எல்லாரும்தான் மாட்டியிருக்காங்க" என்றான் மச்சினன். இந்த வாதத்துக்கு இந்தியாவில் இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. நானும் டீயைக் குடித்தேன்.

பம்பரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் மூக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அவன் கம்பெனிக்குப் போனோம். சனிக்கிழமை. திருப்பூருக்கு அதுதான் தீபாவளி, வாரச் சம்பளம். வழக்கமாகக் காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை போனால் ஒன்றரை. அன்றைக்கு மச்சினன் கம்பெனியில் ஐந்தரைக்கே மெஷின்கள் நின்றுவிட்டன. ஆர்டர் இல்லை.

காரணம் திருப்பூரில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க வாங்குபவர் எக்ஸ்போர்ட்டரிடம், 'வரியில் பாதியை நீ சுமக்கிறாயா?' என்று கேட்டார். எக்ஸ்போர்ட்டர் மச்சினனைக் கூப்பிட்டுப் பீஸுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்தார்.

"நீ என்ன பண்ணப் போறே மாப்ள?"

சம்பளக் கவர்களை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான். "திங்கக்கிழமை டெய்லருங்ககிட்ட சொல்லணும் மாமா. அவங்களுக்கு ஐம்பது காசு குறைச்சுத்தான் ஆகணும். நான் என்ன பண்றது, தவணை கட்டணும்ல."

கவர் வாங்கிக்கொண்டு டெய்லர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒடிசாக்காரப் பையன் ஒருவன் எண்ணிப் பார்த்துவிட்டு, சிரித்துச் சலாம் வைத்தான். திங்கட்கிழமை அவனுக்குத் தெரியாது.

எங்கள் பி.காம். முதல் வருஷத்தில், முதல் வகுப்பிலேயே இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. எந்தத் தொகையும் காற்றில் மறையாது. ஒரு கணக்கிலிருந்து போனால் இன்னொரு கணக்கில் ஏறியே ஆக வேண்டும். மூன்று வருஷம் படித்ததில் இது ஒன்றுதான் நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, பட்டறைக்காரர் காலையில் சொன்னதும் இதே பாடம்தான் என்று தோன்றியது. அடியும் மறையாது. வாங்கிக்கொள்ளும் மூக்கு இருந்தால் அதில் நிற்கும். இல்லாவிட்டால் அடுத்தவர் கணக்குக்குப் போகும்.

இதை மச்சினனிடம் சொல்லவில்லை. சம்பளம் போடுகிற நேரத்தில் தத்துவம் பேசுகிறவனுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

எட்டே காலுக்குப் பட்டறைக்குக் கிளம்பினோம். போய்ச் சேரும்போது ஒன்றரை ஷிப்ட் விட்டுவிட்டது. அந்த நேரத்துப் பல்லடம் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி கேட்டுகளிலிருந்து ஆறு திறந்துவிட்ட மாதிரி ஜனங்கள். சைக்கிள், டி.வி.எஸ். எக்ஸெல், ஷேர் ஆட்டோ, நடை. ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் ஒரு டிபன் பை.

பட்டறைச் சந்துக்கு அம்பது அடி இருக்கும். நாங்கள் ஊர்ந்துகொண்டுதான் இருந்தோம். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு எக்ஸெல் சட்டென்று வெளியே வந்தது. மச்சினன் பிரேக் போட்டான். போட்டும், 'டப்' என்று ஒரு சத்தம். ஹெட்லைட் வெளிச்சத்திலிருந்து ஒரு புடவை காணாமல் போயிற்று.

இறங்கி ஓடினோம். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா ரோட்டில் உட்கார்ந்திருந்தார். எக்ஸெல் சாய்ந்து கிடந்தது. முட்டியில் ரத்தம். கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ மச்சினன் சட்டையைப் பிடித்தார்கள்.

அந்த அம்மா முட்டியைப் பார்க்கவில்லை. கையால் ரோட்டைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"கவருங்... சம்பளக் கவரு... மடியில வெச்சிருந்தேன்..."

கூட்டமே குனிந்து தேடியது. மச்சினன் முழங்கால் போட்டு, தார் அடியில் கை விட்டு, முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தான். மாலையில் அவன் அடுக்கியது போலவே ஒரு கவர். அதைக் கொடுத்தபோது அவன் கை நடுங்கியது. அந்த அம்மா எண்ணிப் பார்த்த பிறகுதான் "காலு வலிக்குதுங்" என்றார்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. கணுக்காலில் வீக்கம், முட்டியில் நான்கு தையல், பத்து நாள் ஓய்வு.

"பத்து நாளுங்களா?" என்று டாக்டரைக் கேட்டார். "பீஸ் ரேட்டுங்க எனக்கு."

ஆஸ்பத்திரிச் செலவோடு அந்தப் பத்து நாள் கூலியையும் மச்சினன் கொடுத்தான். எவ்வளவு என்று அவர் சொன்னாரோ அவ்வளவு. அவன் பேரம் பேசாமல் கொடுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது.

பட்டறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது. பட்டறைக்காரர் எதுவும் கேட்கவில்லை. புது பிராக்கெட் தயாராக மேஜை மேல் இருந்தது. மச்சினன் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிளாஸ்டிக் பம்பரின் இடது முனையில் ஒரு விரிசல். ஒரு கிளிப் தெறித்துப் போயிருந்தது. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். உள்ளே போயிற்று, விட்டதும் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அமுக்கினான். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த அந்த ஐம்பத்திரண்டு கிலோவைப் பார்த்தான். அதை யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

"அண்ணா, கிளிப் ஒண்ணு மட்டும் போட்டுக் குடுங்க" என்றான்.

"விரிசலு?"

"அது இருக்கட்டும்."

திரும்பும் வழியில் வெகு நேரம் பேசவில்லை. புஷ்பா தியேட்டர் பக்கம் வரும்போது, "மாமா, தவணையை ரெண்டு மாசம் தள்ளிப் போட முடியுமான்னு பைனான்ஸ்ல கேட்டா குடுப்பாங்களா?" என்றான்.

"வட்டி சேரும்."

"சேரட்டும். டெய்லருங்ககிட்ட இந்த மாசம் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்."

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசம் அடுத்த மாசம்தான் மாமா."

அவன் மகாத்மா ஆகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. அந்த வாரம் அடியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டான், அவ்வளவுதான்.

பம்பர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாங்கிய இடத்தில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மச்சினன் கம்பெனி இருக்கும் சந்தின் திருப்பத்தில், சரக்கு ஏற்ற வரும் வண்டிகள் ரிவர்ஸில் மோதி மோதிக் காம்பவுண்டுச் சுவரின் மூலை எப்போதும் இடிந்தே கிடக்கும். இப்போது அந்த மூலையில் கான்கிரீட் போட்டு, பம்பரை நட்டு வைத்திருக்கிறான். கறுப்புப் பெயின்ட், வின்ச் மேடை, இழுக்கும் கொக்கி எல்லாம் அப்படியே. மேடையில் யாரோ ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறார்கள். கொக்கியில் டெய்லர்கள் டிபன் பை மாட்டுகிறார்கள்.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ச் சுவர்க் காவல். என் மனைவியிடம் மட்டும் விலையை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்த அடி யார் கணக்கில் ஏறும் என்று, பி.காம். படிக்காமலே எனக்குத் தெரியும்.